பசிபிக்கின் தொலைதூரத் தீவுகளில் எதன் வரலாறு உங்களை அதிகம் பாதித்தது?

பனாபா. நவுருவுக்குக் கிழக்கே சுமார் 300 கிலோமீட்டரில், நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கும் தீவு. பரப்பு 6 சதுர கிலோமீட்டர்தான்.

சட்டம் படித்தபோது இந்தத் தீவு எனக்கு ஒரு வழக்கின் பெயராகத்தான் அறிமுகமானது: டிட்டோ எதிர் வாடெல், 1976. தேர்வுக்கு இரண்டு வரி தெரிந்தால் போதும். வழக்குப் போட்டவர்கள் யார் என்று தேடிப் படித்த பிறகு அந்த இரண்டு வரியோடு என்னால் நிற்க முடியவில்லை.

பனாபாவில் ஆறு இல்லை, ஓடை இல்லை. மழை பொய்த்தால் நிலத்தடிக் குகைகளில் ஊறும் நீர்தான் கதி. அந்தக் குகைகளைப் 'பங்கபங்கா' என்பார்கள். பெண்கள் மட்டுமே உள்ளே போய்த் தேங்காய்ச் சிரட்டைகளில் நீர் மொண்டு வருவார்கள். தண்ணீரையே இப்படிச் சேர்த்துப் பிழைத்த ஜனங்கள் அவர்கள்.

1899-ல் சிட்னியில் ஒரு கம்பெனி அலுவலகத்தில், கதவு மூடாமலிருக்க முட்டுக்கொடுத்திருந்த கல்லை, அங்கே வேலை பார்த்த ஆல்பர்ட் எல்லிஸ் சோதித்துப் பார்த்தார். நவுருவிலிருந்து வந்த அது, உரம் செய்ய உதவும் உயர்தரப் பாஸ்பேட் பாறை. பனாபாவிலும் அதே பாறை இருக்கும் என்று ஊகித்து 1900 மே 3 அன்று வந்து இறங்கினார். பாஸ்பேட் வெட்டும் உரிமைக்கு ஒப்பந்தமும் அன்றே எழுதப்பட்டது: ஆண்டுக்கு 50 பவுண்டு, 999 ஆண்டுகளுக்கு. கைநாட்டு வைத்தவரை அரசர் என்று குறித்துக்கொண்டார்கள். நிலமோ குடும்பம் குடும்பமாகப் பிரிந்து கிடந்தது. தீவு முழுவதையும் எழுதிக்கொடுக்கும் உரிமை அங்கே எவருக்கும் இருந்ததில்லை. எனக்கு முதல் அநியாயம் இதுதான்.

1920-ல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து சுரங்கத்தை எடுத்துக்கொண்டன. வெட்டிய மண் அவர்களுடைய வயல்களுக்கும் புல்வெளிகளுக்கும் உரமானது. மேலும் நிலம் தர மக்கள் மறுத்தபோது, 1928-ல் கட்டாயமாக எடுக்கச் சட்டம் வந்தது. தென்னையும் தாழையும் நின்ற இடத்தில் கூர்கூரான சுண்ணாம்புப் பாறைத் தூண்கள் மட்டும் மிஞ்சின.

1942-ல் ஜப்பானியர் தீவைப் பிடித்து, மக்களில் பெரும்பாலோரை நவுரு, தராவா, கோஸ்ரே தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். வேலைக்கென்று நிறுத்திவைத்த சுமார் 150 பேரை 1945 ஆகஸ்டில், ஜப்பான் சரணடைந்த பிறகு, கொன்றார்கள். கபுனாரே என்ற ஒருவர் மட்டும் தப்பி, மாதக்கணக்கில் ஒளிந்திருந்து வெளியே வந்தார்.

பிழைத்தவர்களைப் பிரிட்டிஷார் சொந்த ஊருக்கு அனுப்பவில்லை. வீடுகள் அழிந்துவிட்டன என்று சொல்லி, 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஃபிஜியில் உள்ள ராம்பித் தீவில் கொண்டுபோய் இறக்கினார்கள். நாள் 1945 டிசம்பர் 15. வந்தவர்கள் 1,003 பேர். அவர்களில் 703 பேர் பனாபாக்காரர்கள். புயல் காலம், தங்குவதற்குக் கூடாரம், கையில் இரண்டு மாத ரேஷன். அந்தத் தீவை வாங்கிய பணமும் அவர்களுடையதுதான். பாஸ்பேட்டில் அவர்கள் பங்காகச் சேர்ந்திருந்த நிதியிலிருந்து எடுத்து, 1942-லேயே வாங்கிப் போட்டிருந்தார்கள். இந்த இடத்தைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அவர்கள் ராம்பியில் இருக்க, பனாபாவில் சுரங்கம் 1979 வரை ஓடியது. வருமானத்தின் பெரும்பகுதி, பனாபாவை ஆண்ட பிரிட்டிஷ் காலனி நிர்வாகத்துக்குப் போனது. ரோட்டன் டிட்டோ தலைமையில் லண்டனில் வழக்குப் போட்டார்கள். விசாரணை 200 நாட்களுக்கு மேல் நடந்தது. நீதிபதி மெகாரி தீவுக்கே போய்ப் பார்த்தார். பிரிட்டிஷ் அரசுக்கு இருந்தது ஆட்சிப் பொறுப்பு, பிறர் சொத்தை அவர்கள் நலனுக்காகக் காக்கும், நீதிமன்றம் வலியுறுத்தக்கூடிய அறங்காவலர் கடமை அல்ல என்று தீர்ப்பளித்தார். நான் மனப்பாடம் செய்த இரண்டு வரி அதுதான். வெட்டிய நிலத்தில் மரம் நட்டுத் தரவில்லை என்ற புகாரில் மட்டும் ஒப்பந்த மீறல் நிலைத்தது. அதற்குக் கிடைத்த தொகை மிகச் சொற்பம். 1977-ல் மூன்று அரசுகளும் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் தர முன்வந்தன, பொறுப்பு எதையும் ஒப்புக்கொள்ளாமல்.

பனாபா இன்று கிரிபாஸ் நாட்டோடு இருக்கிறது. சில நூறு பேர் அங்கே வாழ்கிறார்கள். ஃபிஜிக் குடிமக்களான ராம்பிக்காரர்களுக்கும் கிரிபாஸ் நாடாளுமன்றத்தில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ராம்பியில் குடியேறியபோது அமைத்த நான்கு ஊர்களுக்கு அவர்கள் வைத்தது, விட்டு வந்த நான்கு ஊர்களின் பெயர்களையே: தப்வேவா, உமா, தபியாங், புவாகோனிகாய்.