கறுப்பு பீன்ஸ் பர்கர் உதிர்வதற்கு முட்டை இல்லாதது காரணமில்லை

முட்டை, பால் எதுவும் சேர்க்காமல் வீட்டிலேயே கறுப்பு பீன்ஸ் பர்கர் செய்கிறீர்கள், ஒவ்வொரு முறையும் திருப்பிப் போடும்போது உதிர்ந்து போகிறது, முட்டைக்குப் பதிலாக எதைச் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கறுப்பு பீன்ஸ் கடையில் டின்னில் கிடைக்கும் ஊரில், கனடாவிலோ லண்டனிலோ, நீங்கள் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் இருப்பது இலங்கையின் வடக்கே, வன்னியில், விசுவமடுப் பக்கம். இங்கே அந்த டின்னை நான் கடையில் கண்டதில்லை. வன்னியில் இருப்பவளுக்குப் பர்கரைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது கேட்கக் கூடும். போர் முடிந்து மீள்குடியேறி வந்து ஒரு வருடத்தில், 2011இல், ஓடருக்குக் கட்லட்டும் றோல்ஸும் வடையும் செய்யத் தொடங்கினேன். இன்றுவரை அதுதான் எங்கள் வருமானம். ஒரு கட்லட் எண்ணெயில் பிரிந்தால் அந்தத் தாச்சி எண்ணெய் முழுவதும் கருகும், அன்றைய உழைப்பும் போகும். அதனால் உதிர்வதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு.

சுருக்கமான பதில் இதுதான்: உங்கள் பர்கர் முட்டை இல்லாததால் உதிரவில்லை. ஈரம் கூடியதால் உதிர்கிறது.

போன வருடம் ஆவணியில் என் தங்கையின் மகள் டொரொண்டோவிலிருந்து வந்து எங்களோடு மூன்று கிழமை நின்றாள். வீகன். மீன், இறைச்சி மட்டுமில்லை, பால், நெய், முட்டை என்று விலங்கிலிருந்து வரும் எதையும் தொடமாட்டாள். எங்கள் வீட்டில் எல்லோரும் அதைச் சைவம் என்றே விளங்கிக்கொண்டோம். முதல் நாள் மாமி ஆசையாகத் தயிரும் நெய் விட்ட பருப்பும் வைத்தார். பிள்ளை இரண்டையும் தொடவில்லை. சம்பலை எடுக்கப் போனவளிடம் அதில் மாசிக் கருவாடு இருக்கிறது என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியில் சோறும் கத்தரிக்காய்க் கறியும்தான் சாப்பிட்டாள். இத்தனை பேருக்குச் சமைத்துக் கொடுக்கிற கை, சொந்தப் பெறாமகளுக்கு ஒழுங்காக ஒரு நேரச் சாப்பாடு கொடுக்க முடியவில்லையே என்று அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த நாள் கௌபி (காராமணிப் பயறு) அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுக் கொடுக்கலாம் என்றேன். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. "அவ்வளவு தூரத்திலயிருந்து வந்த பிள்ளைக்குக் கௌபி அவிச்சுக் குடுக்கிறதே மரியாதை?" என்றார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் மாதக்கணக்காகப் பருப்பையும் மாவையும் தின்று கிடந்தவர் அவர். எங்களில் கனபேருக்குப் பருப்பு, பயறு என்றாலே அது இல்லாத காலத்துச் சாப்பாடு. வந்தவருக்கு மீனோ இறைச்சியோ வைத்தால்தான் வைத்த மாதிரி. வெளியில் இருக்கிறவர்களுக்கு இது விளங்குமோ தெரியாது, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பிள்ளை தன் பெட்டிக்குள் நாலு டின் கறுப்பு பீன்ஸ் கொண்டுவந்திருந்தாள். "பெரியம்மா, இண்டைக்கு நான் உங்கள் எல்லாருக்கும் பர்கர் செய்து தாறன்" என்று குசினிக்குள் வந்துவிட்டாள். டின்னைத் திறந்து, தண்ணீரை வடித்து, முள்ளுக்கரண்டியால் மசித்து, பாண் தூளும் ஊறவைத்த ஆளி விதைத் தூளும் போட்டுப் பிசைந்தாள். ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைத் தூளுக்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் அது ஒரு முட்டைக்குச் சமம் என்றாள். அது சரியான கணக்குத்தான், அதில் குறையில்லை. ஆனால் பிசைந்த கையை அவள் எடுத்தபோது விரல் இடுக்கெல்லாம் சேறு போல அப்பியிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தாச்சியில் போட்டுத் திருப்பினாள். அடிப்பக்கம் தாச்சியில் ஒட்டிக்கொண்டு மேல்பக்கம் மட்டும் கரண்டியில் வந்தது. "முட்டை போடாததாலதான் பெரியம்மா, அங்கயும் எனக்குச் சில நேரம் இப்பிடித்தான் வாறது" என்று சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் கட்லட்டுக்குள் முட்டை போடுவதில்லை. வெளியில் தோய்க்க மட்டும்தான் முட்டை, அதையும் மாவைக் கரைத்துத் தோய்த்து ஒப்பேற்றலாம். உள்ளே இருப்பதைப் பிடித்து வைப்பது கிழங்கின் மாச்சத்து. பீன்ஸிலும் அது நிறைய இருக்கிறது. ஈரம் கூடினால் சூட்டில் அந்தத் தண்ணீர் ஆவியாகி உள்ளேயிருந்து தள்ளும், பிடிப்பு விட்டுப்போகும். எத்தனை முட்டை விட்டாலும் அந்த ஈரத்துக்கு அது மருந்தில்லை.

இரண்டாவது டின்னை நான் எடுத்தேன். டின்னில் நிகர எடை 400 கிராம் என்று இருந்தாலும் வடித்தால் பீன்ஸ் 240 கிராம் அளவுதான் வரும், மீதி அந்தக் கறுத்த தண்ணீர். நன்றாகக் கழுவி, சுளகில் பழைய வேட்டித் துண்டை விரித்து அதன்மேல் பரப்பினேன். துணி நாவற்பழக் கறை மாதிரி ஊதாவாகிவிட்டது. காற்றாடிக்குக் கீழே அரை மணித்தியாலம் வைத்து, பிறகு எண்ணெய் விடாத தாச்சியில் மெல்லிய நெருப்பில் தோல் வெடிக்கும்வரை பிரட்டினேன். உங்களிடம் அவண் இருந்தால் தட்டில் பரப்பி 160 பாகை செல்சியஸில் பதினைந்து நிமிடம் விட்டால் போதும். சரியாக உலர்ந்ததா என்று பார்க்க ஒரு பீன்ஸை உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் நசுக்குங்கள். கையில் ஈரம் படியாமல் மா மாதிரி உடைந்தால் சரி.

உலர்ந்த பீன்ஸை வாங்கி நீங்களே அவிப்பதாக இருந்தால் ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். கறுப்பு பீன்ஸ் என்பது நாங்கள் கறி வைக்கிற போஞ்சியின் இனம்தான், முற்றிய விதை. மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காப் பக்கத்துப் பயிர். இந்த இனத்து உலர்விதைகளில் வயிற்றைக் கலக்கிவிடும் ஒரு புரதம் உண்டு, சிவப்பு பீன்ஸில்தான் மிகக் கூட. இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகுதான் நெருப்பைக் குறைக்க வேண்டும். டின்னில் வருவது அவித்தது, அதற்குப் பயமில்லை.

அப்புறம் மசிப்பது. முழுவதையும் களியாக்கக் கூடாது. முக்கால் பங்கை மசித்து, கால் பங்கை அரையும் குறையுமாக விடுங்கள். மிக்ஸியில் போட்டால் ஒட்டும் பசையாகிவிடும், தின்னும்போது வாயில் ஒன்றும் தட்டுப்படாது. பம்பாய் வெங்காயம் ஒன்றைப் பொடியாக வெட்டி, உள்ளி, பச்சை மிளகாயோடு எண்ணெயில் தண்ணீர் வற்றும்வரை வதக்கி ஆறவிட்டுச் சேருங்கள். பச்சையாகப் போட்டால் உப்புப் பட்டதும் வெங்காயம் தண்ணீர் விடும், நீங்கள் உலர்த்தியதெல்லாம் வீண். ஒரு சின்ன உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து மசித்துப் போட்டேன். தோலுரித்து அவித்தால் அதுவும் தண்ணீர் குடித்துவிடும். வறுத்த நற்சீரகத் தூள், எங்கள் கறித்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு. கடைசியில் வறுத்த குரக்கன் (கேழ்வரகு) மா இரண்டு மேசைக்கரண்டி, கொரகொரப்பாக இடித்த கச்சான் (நிலக்கடலை) ஒரு பிடி. கச்சான் முறிகண்டியில் வாங்கியது. பிள்ளையார் கோவிலடியில் பஸ் நிற்கும்போது வாங்காமல் வந்தவர் யார்! சிலருக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது, விருந்துக்குச் செய்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

உருட்டித் தட்டும்போது ஓரத்தைப் பாருங்கள். ஓரம் வெடித்தால் காய்ந்துவிட்டது, கையை நனைத்து ஒருமுறை பிசைந்தால் போதும். கையில் ஒட்டினால் இன்னும் ஒரு கரண்டி மா. முக்கால் அங்குலத் தடிப்பில் தட்டி, பிரிட்ஜில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். மாச்சத்து ஆறும்போதுதான் இறுகும். பொறுமையில்லாமல் உடனே போடுகிறவர்களுக்குத்தான் பாதி உதிர்வு.

ஈரம் என்று எழுத எழுத எனக்கு வேறொன்று மனதில் குத்துகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனுசன் ஒரு ஏக்கரில் கௌபி போடுகிறவர். பிடுங்கி, மூன்று நாள் வெயிலில் காயவைத்து, அடித்து, தூற்றி, மூட்டை கட்டிக் கொண்டுபோனால், வாங்குகிறவர் நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துவிட்டு "ஈரம் கிடக்கு" என்பார். மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு. சாக்கின் நிறைக்கு வேறு கழிவு. அது எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், நானும் கடித்துப் பார்த்துத்தான் கட்ட விடுகிறேன். திருப்பிக் கொண்டுவர லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரக் கூலி யார் கொடுப்பது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பிறகு அதே கௌபி நகரத்துக் கடையில் பக்கெட்டில் என்ன விலைக்கு இருக்கிறது என்று பார்த்தால் வயிறு எரியும். நல்ல வியாபாரிகளும் இருக்கிறார்கள், எல்லோரையும் சொல்லவில்லை.

சரி, பர்கருக்கு வருகிறேன். அன்று இரவு தோசைக்கல்லில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு நடுத்தர நெருப்பில் ஆறு பர்கர் போட்டேன். பிள்ளை கரண்டியோடு பக்கத்தில் நின்று இரண்டு தரம் தூக்கிப் பார்க்கப் போனாள், நான் விடவில்லை. ஐந்து நிமிடம் தொடவே கூடாது. அடியில் பொருக்குக் கட்டினால் அது தானாகக் கல்லை விட்டு வரும். திருப்பினேன், ஒரு துண்டு கூட விழவில்லை. மற்றப் பக்கமும் ஐந்து நிமிடம்.

பணிஸ்தான் அடுத்த சிக்கல். பேக்கரிப் பணிஸில் மேலே பளபளப்புக்கு முட்டை பூசுவார்கள், மாஜரினிலும் சிலதில் பால் இருக்கும். வீகன் ஆட்களுக்கு வாங்கும்போது கேட்டுத்தான் வாங்க வேண்டும். நான் சாதாரண றோஸ் பாணைக் கேட்டு வாங்கி, தடிப்பாக வெட்டிக் கல்லில் வாட்டி எடுத்தேன். மயோனைஸுக்குப் பதிலாகக் கச்சானும் செத்தல் மிளகாயும் தேசிக்காய்ப் புளியும் கெட்டித் தேங்காய்ப் பாலும் சேர்த்து அரைத்த சம்பல். தக்காளி, வெங்காயம், அவ்வளவுதான்.

பாணில் வைத்தால் பர்கரா, இது கட்லட் அல்லவா என்று கேட்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. பெயர் எதுவானாலும் பிள்ளை இரண்டு சாப்பிட்டாள். மாமியும் ஒன்று சாப்பிட்டார்.

மிச்சம் இரண்டு டின்னையும் எடுக்காமல் அதே செய்முறையைக் கௌபியில் செய்து பார்த்தோம். 200 கிராம் உலர்ந்த கௌபி அவித்தால் ஆறு பர்கருக்குத் தாராளமாகக் காணும். கௌபி கறுப்பு பீன்ஸை விடக் கொஞ்சம் இனிப்பு, தோல் மெல்லிசு, சீக்கிரம் குழையும், அதனால் பிறஷர் குக்கரில் ஒரு விசில் கூடினாலும் களியாகிவிடும். நான் சட்டியில்தான் அவிக்கிறேன். கறுப்பு நிறம்தானே என்று தோலோடு இருக்கிற உழுந்தைப் போட்டுவிடாதீர்கள், அது வழுவழுப்பான பிசின் விடும், வடைக்குத்தான் அது. புரதம் போதுமா என்று தங்கை தொலைபேசியில் கவலைப்பட்டாள். அவித்த கறுப்பு பீன்ஸ் 100 கிராமில் ஏறக்குறைய 9 கிராம் புரதம் இருக்கிறது, கௌபி அதைவிடச் சற்றுத்தான் குறைவு. பி12 மட்டும் இவற்றில் கிடையாது, அதற்குப் பிள்ளை குளிசை எடுக்கிறாள்.

ஐப்பசியில் ஒரு படம் அனுப்பினாள். டொரொண்டோக் குசினி மேசையில் ஒரு துவாய், அதன்மேல் பரப்பிய கறுப்பு பீன்ஸ், துவாய் முழுக்க ஊதாக் கறை. "அம்மா ஏசுறா பெரியம்மா, ஆனா ஒண்டும் உடையேல்ல" என்று கீழே எழுதியிருந்தாள். நீங்களும் பழைய துணியாகப் பார்த்து விரியுங்கள், அந்தக் கறை போகாது.