சிங்கப்பூரில் அரசு மானியம் பெறும் சைல்ட்கேரில் (பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) எம்சி, அதாவது மருத்துவச் சான்றிதழ், இல்லாமல் பிள்ளை லீவு எடுத்தால் மானியம் போய்விடுமா? மூன்று வாரம் ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது.

மூன்று வாரம் ஊருக்கு என்று படித்ததுமே எனக்கு மனசு கனத்துவிட்டது. கல்யாணமா காரியமா என்று நீங்கள் சொல்லவில்லை. நல்ல விஷயமாகவே இருக்கட்டும். எதுவானாலும் முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மானியத்துக்கு எம்சி கணக்கில்லை. அந்தக் காலண்டர் மாதத்தில் பிள்ளை ஒரு நாளாவது நிலையத்துக்கு வந்தாளா என்பதுதான் கணக்கு. ஒன்றாம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை ஒரு நாள்கூட வரவில்லை என்றால் அந்த மாத மானியத்துக்கு ஆபத்து. மூன்று வாரம் போய்வருவதால் மட்டும் போகாது.

இது எனக்குத் தெரியவந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூலை 30, ஞாயிற்றுக்கிழமை. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் அப்பா தவறிவிட்டார். அன்றைக்கே கிளம்பினோம். என் மகனுக்கு அப்போது நான்கு வயது, நர்சரி 2. வெள்ளிக்கிழமைதான் சைல்ட்கேருக்குப் போய்விட்டு வந்திருந்தான். வகுப்பாசிரியைக்கு விமான நிலையத்திலிருந்தே வாட்ஸ்அப் அனுப்பினேன். "அவசரப்பட வேண்டாம், குடும்பத்தோடு இருங்கள்" என்று பதில் வந்தது. லீவு சொல்லியாகிவிட்டது, அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நான் நினைத்ததில் என்ன தப்பு?

கணவர் ஐந்தாம் நாள் வேலைக்குத் திரும்பினார். துக்க விடுப்பு இங்கே சட்டப்படி கட்டாயமில்லை, அவரவர் வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எனக்குக் கொடுத்தது மூன்று நாள். மிச்சத்துக்கு ஆண்டு விடுப்பைப் போட்டேன். ஆறு நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பை அதற்கு முன்பே பாதிக்கு மேல் தீர்த்திருந்தேன். கை கால் வாய்ப்புண் வந்தால் பிள்ளையை வீட்டில்தானே வைத்திருக்க வேண்டும், அதற்குப் போனது. "பதினாறு முடியாம எப்புடிம்மா கெளம்புவ?" என்றார் சித்தப்பா. ஆகஸ்ட் 14 காரியம் முடிந்தது. 20ஆம் தேதிக்கு டிக்கெட். 18ஆம் தேதி ராத்திரி மகனுக்குக் காய்ச்சல், 103. டிக்கெட்டை மாற்றினோம்.

31ஆம் தேதி, வியாழக்கிழமை காலையில் திருச்சி விமானம் சாங்கியில் இறங்கியது. தோளில் தூங்கிக்கொண்டே வந்தான். சைல்ட்கேர் எங்கள் புளோக்கிலிருந்து இரண்டு புளோக் தள்ளித்தான். மாமியார் சொன்னார், "பச்சப்புள்ள, ராத்திரி பூரா ஒழுங்கா தூங்கல, காய்ச்சல் விட்டு ரெண்டு வாரம்கூட ஆகல, இன்னிக்கு அனுப்பாத." அவர் சொன்னது சரிதான். மறுநாள் அதிபர் தேர்தல், பொது விடுமுறை. பிறகு சனி, ஞாயிறு. திங்கட்கிழமை அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஒரு வியாழக்கிழமைதான். அன்று சாயந்திரம் கொஞ்ச நேரம் கொண்டுபோய் விட்டிருந்தாலும் ஆகஸ்ட்டுக்கு வருகை பதிவாகியிருக்கும் என்று நிலைய அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்மணி பிறகு சொன்னார். செப்டம்பர் பில்லில் ஆகஸ்ட் மானியத்தைத் திருப்பிப் பிடித்திருந்தார்கள். வேலை பார்க்கும் தாய்க்கான அடிப்படை மானியம் 300 வெள்ளி, வருமானத்தைப் பார்த்துக் கிடைத்த கூடுதல் மானியம், இரண்டும் போயின. அப்போது எங்கள் நிலையத்தில் கட்டணம் 680, ஜிஎஸ்டி 8 விழுக்காடு. பிள்ளை ஒரு நாள்கூடப் போகாத மாதத்துக்கு 734 வெள்ளி 40 காசு. சிடிஏ எனும் பிள்ளை மேம்பாட்டுக் கணக்கில் அவனுக்கென்று சேர்த்து வைத்ததிலிருந்துதான் எடுத்தோம்.

இறப்புச் சான்றிதழ், ஊர் டாக்டர் கொடுத்த கடிதம், விமான டிக்கெட் எல்லாவற்றையும் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். நிலையத்தின் முதல்வர் அன்பாகத்தான் பேசினார். "பார்க்கிறேன்" என்றார். மூன்று முறை கேட்டேன், அதற்கு மேல் எனக்குத் தெம்பில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஜூலை 30ஆம் தேதியே "மாதத்தில் ஒரு நாள் வரவேண்டும் என்று விதி இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம் என்பதுதான் இன்றுவரை என் வருத்தம்.

இதற்குக் கீழே வந்து, "மானியம் மக்கள் வரிப்பணம், வராத பிள்ளைக்கு ஏன் கொடுக்க வேண்டும், விதியைப் படிக்காதது உங்கள் தவறு" என்று சிலர் எழுதுவார்கள். எழுதுங்கள். விதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. இடம் கிடைக்காமல் காத்திருக்கும் குடும்பங்கள் எனக்கும் தெரியும். மாதத்தில் ஒரு நாள் என்பது தாராளமான விதிதான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். என் சித்தி மகள் அமெரிக்காவில் ஹெட் ஸ்டார்ட் நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அது அங்கே வசதி குறைந்த பிள்ளைகளுக்காக அரசாங்க நிதியில் நடக்கும் திட்டம். தகவல் இல்லாமல் ஒரு பிள்ளை வரவில்லை என்றால் தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் பெற்றோரைத் தொடர்புகொள்ள முயல வேண்டுமாம். ஒரு நிலையத்தின் மாதச் சராசரி வருகை 85 விழுக்காட்டுக்குக் கீழே போனால், ஏன் என்று நிலையம்தான் ஆராய வேண்டும். அங்கே பிள்ளை வராவிட்டால் கேள்வி முதலில் நிலையத்துக்குப் போகிறது. எனக்கு முதலில் வந்தது பில்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் நிலையத்தில் தமிழ்ப் பிள்ளைகள் மூன்றே பேர், தமிழாசிரியர் இல்லை. தாய்மொழி நேரத்தில் என் மகன் சீன வகுப்பில் உட்கார்ந்திருந்தான். தாத்தா உயிரோடு இருந்தவரை வீடியோ காலில் அவர் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வான். அவருக்குப் புரியாது, சிரித்துக்கொள்வார். அந்த ஒரு மாதம் ஊர்ப் பிள்ளைகளோடு வாய்க்காலிலும் களத்திலும் கிடந்துவிட்டு, "அம்மா, தாத்தா எங்க போனாங்க?" என்று முழு வாக்கியமாகத் தமிழில் கேட்டான். வருகைப் பதிவேட்டில் அந்த மாதம் வெறும் 'வரவில்லை'. கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் சீனம், மலாய், தமிழ் என மூன்று தாய்மொழியும் உண்டு, ஆனால் அங்கே கே1இலிருந்துதான், அதாவது ஐந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பிலிருந்துதான் சேர்ப்பார்கள். அதுவரை நம் பிள்ளைகள் எங்கே போய்த் தமிழ் படிப்பது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பயணம் மாதத்தின் நடுவில் தொடங்கி அடுத்த மாத நடுவில் முடிந்தால் கவலையில்லை, இரண்டு மாதத்திலும் பிள்ளை சில நாள் வந்திருப்பாள். மாதக் கடைசியில் கிளம்பி அடுத்த மாதக் கடைசியில் திரும்புவதுபோல் போட்டுவிடாதீர்கள். திரும்பும் நாளைப் பிள்ளையின் உடம்பு தள்ளிப்போடலாம், அதனால் மாதம் முடிய ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். நீண்ட நாள் மருத்துவச் சிகிச்சை மாதிரிக் காரணம் என்றால் போவதற்கு முன்பே நிலையத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஆசிரியையிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நீங்கள் வேலைக்குப் போகும் தாயென்றால் இதையும் பாருங்கள்: 300 வெள்ளி மானியத்துக்கு மாதம் 56 மணி நேர வேலை கணக்கு, அது இல்லாவிட்டால் பொதுவாக 150தான் (வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 2024 டிசம்பரிலிருந்து இந்த வேலை நிபந்தனை இல்லை). சம்பளமில்லா விடுப்பு எடுப்பதாக இருந்தால் அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

டிக்கெட் போட்டாகிவிட்டதா? எந்தத் தேதிகள் என்று சொல்லுங்கள், காலண்டரை வைத்துக்கொண்டு சேர்ந்தே பார்ப்போம்.