தாராசுரம் கோயிலருகே பழைய வீடு: இடித்துக் கட்டலாமா?

கேள்வி: தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு அருகில், மதிலிலிருந்து சுமார் 60 மீட்டரில், தாத்தா காலத்து ஓட்டு வீடு எங்களுக்கு இருக்கிறது. ஓடுகள் சரிந்து மழையில் ஒழுகுகிறது. இடித்துவிட்டு மாடி வீடு கட்ட உள்ளாட்சியில் வரைபட அனுமதி வாங்கிவிட்டோம். அடுத்த வாரமே இடித்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. சுமார் 180 மீட்டரில் காலிமனை ஒன்றும் உண்டு. தொல்லியல் துறையிடமும் அனுமதி பெற வேண்டுமா?

பதில்: மேஸ்திரியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வீடு நிற்கும்வரைதான் அதைப் பழுதுபார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தரைமட்டமாகிவிட்டால் அங்கே மறுபடி சுவர் எழுப்பச் சட்டத்தில் வழியே இல்லை.

இது மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள கோயில். 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டம், 2010 திருத்தத்துக்குப் பின், பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம், மறுகட்டுமானம் இரண்டையும் தடுக்கிறது. மாடி எழுப்புவதும் பக்கத்தில் அறை சேர்ப்பதும் புதுக் கட்டுமானமே. உள்ளாட்சி அனுமதி இந்தத் தடையை நீக்காது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பழுதுபார்க்கலாம். அதற்கும் முன் அனுமதி வேண்டும், வீடு 16.6.1992க்கு முன்பே இருந்ததைக் காட்ட வேண்டும். பழைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு ஆவணம், பாகப்பிரிவினைப் பத்திரம் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். ஒழுகும் வீட்டில் குடியிருப்பவருக்கு இது கடுமையான சட்டம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் கற்றளியைச் சுற்றி மாடிகள் நெருங்குவதை நானும் விரும்பமாட்டேன்.

தூரத்தை நீங்களாகக் கணக்கிடாதீர்கள். கோபுரத்திலிருந்தோ மதிலிலிருந்தோ அல்ல, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்துதான் அளப்பார்கள். அந்த எல்லை மதிலைத் தாண்டியும் இருக்கலாம். இடத்தின் புல வரைபடத்துடன் தொல்லியல் துறையிடம் எழுத்தில் கேளுங்கள்.

காலிமனை அந்த 100 மீட்டருக்கு வெளியே, அடுத்த 200 மீட்டருக்குள் விழுந்தால், அனுமதி பெற்றுப் புதிதாகவே கட்டலாம். புது வீட்டை அங்கே கட்டிக்கொண்டு, பழையதைச் செப்பனிட்டு வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் யோசனை. விண்ணப்பம் தகுதிவாய்ந்த அதிகாரியிடம், அதாவது இந்த அனுமதியை வழங்க அரசு நியமித்தவரிடம், போகும். அவர் 15 நாளில் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையத்துக்கு இரண்டு மாதம். பரிந்துரை வந்தபின் அதிகாரி முடிவெடுக்க ஒரு மாதம். மறுப்பதானால் உங்கள் தரப்பைக் கேட்டபின் எழுத்தில்தான் மறுக்க முடியும். அப்படி ஓர் உத்தரவு வந்தால், அதைப் பத்திரப்படுத்தித் தாமதிக்காமல் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட அதுவே அடிப்படை.