பதினான்கு தொழில்கள், ஒரு மிக்ஸி

வணக்கம் மேடம்,

எனக்கு 38 வயது. பி.காம். படித்தவன். வேளச்சேரியில் வாடகை வீடு. மனைவி, ஏழாவது படிக்கும் மகள், சர்க்கரை நோயுள்ள அம்மா. பெருங்குடியில் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் ஏஆர் காலராக இருக்கிறேன். அமெரிக்க மருத்துவமனைகள் அனுப்பும் பில்லை அங்குள்ள இன்சூரன்ஸ்காரர்கள் நிராகரித்தால், ஃபோன் போட்டுக் காரணம் கேட்டு, நோட்ஸ் எழுதி, மறுபடி அனுப்ப வைப்பது என் வேலை. மாலை ஐந்தரைக்கு கேப் வரும். விடிகாலை நாலு மணிக்கு வீட்டில் கொண்டுவந்து விடும். இந்தத் துறையில் 13 வருடம், இந்தக் கம்பெனியில் 4 வருடம் 3 மாதம்.

வேலை கஷ்டம் என்று சொல்ல மாட்டேன். ஒரு கிளெய்ம் முடிந்தால் அடுத்த கிளெய்ம். நான் பேசி வாங்கிக் கொடுத்த பணத்தால் யாருக்கு என்ன ஆனது என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் ஹோல்டில் காத்திருக்கும்போது தோன்றுவதை மனசில் வைத்திருந்து, கேபில் ஏறியதும் ஃபோனில் எழுதுவேன். இந்த வேலையை விட்டால் என்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல். இட்லி மாவுக் கடை, செக்கு எண்ணெய், ஜெராக்ஸ் கடை, பி.எட். முடித்து வாத்தியார், சைக்கிள் கடை, ஏசி மெக்கானிக், ஸ்கூல் வேன், ஊரில் ஆடு வளர்ப்பு... இப்போது 14 ஆகிவிட்டது. ஒன்றையும் தொடவில்லை. மனைவிக்கும் தெரியாது. தெரிந்தால் பயந்துவிடுவாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எதிர்வீட்டுப் பாட்டியின் மிக்ஸி ஓடவில்லை. மோட்டார் சத்தம் வருகிறது, ஜாரில் பிளேடு சுற்றவில்லை. திருப்பிப் பார்த்தால் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளரின் பற்கள் மழுங்கிப் போயிருந்தன. அப்பா வியாசர்பாடியில் சைக்கிள் கடை வைத்திருந்தார், மிக்ஸியும் பார்ப்பார். அடியில் ஷாஃப்டை ஸ்க்ரூ டிரைவரால் பிடித்துக்கொண்டு, கப்ளரை வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்று அவர் சொல்லித் தந்தது கையிலேயே இருந்தது. புது கப்ளர் வாங்கி மாட்டி, சுவிட்சைப் போட்டதும் பாட்டி அங்கேயே தேங்காய் போட்டு அரைத்துப் பார்த்தார். அன்று முழுக்க ஏதோ சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது மாடி அக்கா தன் கிரைண்டரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். நான் இன்னும் போகவில்லை.

இந்தப் பதினான்கில் எதை எடுப்பது மேடம்? அல்லது இந்த வயதில் இப்படி யோசிப்பதே தப்பா?

— பெயர் வேண்டாம், வேளச்சேரி

*

அன்புள்ள நண்பருக்கு,

தப்பே இல்லை. முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். வேலை பிடிக்கவில்லை என்று எழுதும் பலருக்குப் பிரச்சினை வேலையில் மட்டும் இருப்பதில்லை. மனச்சோர்வு நோய் வந்தால் வேலை மட்டுமல்ல, பிடித்த சாப்பாடு, குழந்தையின் சிரிப்பு, எதுவுமே ஒட்டாது. அப்படி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், அல்லது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். உங்களுக்கு ஒரு மிக்ஸி ஓடியதில் நாள் முழுக்க சந்தோஷம் இருந்திருக்கிறது. சந்தோஷப்படும் திறன் உங்களிடம் பத்திரமாக இருக்கிறது, அலுவலகத்தில்தான் அதற்கு இடமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ‘பர்ன் அவுட்’ என்பதை நோய் என்று சொல்லாமல், பணியிடத்தால் வரும் நிலை என்று வகைப்படுத்தியது. சக்தி வடிந்துபோவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, செய்வதில் பலன் இல்லை என்று தோன்றுவது, இந்த மூன்றும் அதன் அடையாளம். உங்கள் கடிதத்தில் மூன்றாவது உரக்கவே கேட்கிறது.

உங்கள் பட்டியலை இரண்டு மூன்று தடவை படித்தேன். ஆடு வளர்ப்பை விட்டுவிட்டால், நீங்கள் எழுதிய ஒவ்வொன்றிலும் எதிரே ஓர் ஆள் நிற்கிறார். மாவு வாங்க வந்தவர், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், வேனில் ஏறும் பிள்ளை. வேலை முடிந்ததும் அவர் முகத்தில் தெரிகிறது. 13 வருடமாக உங்களுக்குக் கிடைக்காதது அதுதான். பாட்டி தேங்காய் அரைத்துப் பார்த்ததை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். எந்தத் தொழில் என்று பதினான்கையும் குடைவதற்குப் பதில், முடிந்த வேலையைக் கண்ணால் பார்க்கும் தொழில் என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பட்டியல் ஏன் நகரவில்லை என்றும் யோசித்தேன். அது உங்களுக்கு ஒரு வலி நிவாரணி. கேபில் புதிதாக ஒன்று எழுதினால் அன்றைய இரவு கொஞ்சம் லேசாகிறது, மறுநாள் ஷிஃப்டுக்குப் போக முடிகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன், அது உங்களைத் தாங்கியிருக்கிறது. ஆனால் வலி குறைந்துகொண்டே இருந்தால் யாரும் எழுந்து நடக்க மாட்டார்கள். இனி புதிதாக எதுவும் சேர்க்காதீர்கள். பி.எட்.டை அடித்துவிடலாம்: ரெகுலராகப் படிக்க இரண்டு வருடம், இரவு வேலையோடு நடக்காது. கையில் ஏற்கெனவே பாடம் இருக்கும் ரிப்பேர் வேலையை மட்டும் சோதித்துப் பாருங்கள்.

சோதித்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன், வேலையை விடச் சொல்லவில்லை. பாட்டிக்கு அன்பாகச் செய்து கொடுத்ததும், நாளைக்குப் பத்து மிக்ஸி பிரித்து, ‘இதுக்கா இவ்வளவு?’ என்று கேட்பவரிடம் காசு வாங்குவதும் ஒன்றல்ல. காசு உள்ளே வந்த பிறகும் அந்தச் சந்தோஷம் நிற்கிறதா என்பதுதான் பரீட்சை. மூன்று மாதம், சனிக்கிழமை மதியம் மட்டும், காசு வாங்கிக்கொண்டு செய்யுங்கள். வாங்கியது, உதிரிபாகத்துக்குப் போனது, ஆன நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இடையில் உங்கள் பக்கத்து சர்வீஸ் கடை ஒன்றில் ஒரு நாள் உட்கார்ந்து, இந்தத் தொழிலில் மிக மோசமான மாதம் எது, வராத பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். தொழில் செய்கிறவர் ஒளிக்காமல் சொல்வார். பிடித்துப்போய் ஏசியும் கற்க நினைத்தால் கிண்டி அரசு ஐடிஐயில் விசாரியுங்கள். கணக்கு, கடன், பதிவு எல்லாம் தெரிந்துகொள்ள அதே கிண்டிப் பக்கம் அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் குறுகிய பயிற்சிகள் நடத்துகிறது.

இப்படி மெதுவாகப் போவது கோழைத்தனம் என்று தோன்றலாம். 2014இல் ஜோசப் ராஃபி, ஜீ ஃபெங் இருவரும் அமெரிக்கத் தொழில்முனைவோரைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேலையில் இருந்துகொண்டே தொழில் தொடங்கி, பிறகு முழுநேரமாக மாறியவர்கள் அதைக் கைவிடும் வாய்ப்பு, வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக இறங்கியவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. ஊர் வேறு, ஆனால் காரணம் நமக்கும் பொருந்தும்: சம்பளம் வரும்போது தப்பு செய்து கற்றுக்கொள்ள அவகாசம் இருக்கிறது.

பணத்தில் இரண்டு விஷயம். ஐந்து வருடத் தொடர் பணி இருந்தால்தான் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உறுதி, ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். நீங்கள் அதற்கு 9 மாதம் தள்ளி நிற்கிறீர்கள், அதை விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்தது அம்மா. கம்பெனி குரூப் இன்சூரன்ஸில் அவர் இருந்தால், நீங்கள் வெளியே வரும் நாளில் அது நின்றுவிடும். தனி பாலிசியில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். அதனால் அந்த பாலிசியை இப்போதே எடுத்து, காத்திருப்பு ஓடத் தொடங்கட்டும். மற்றபடி ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இல்லாமல் ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம்.

அப்புறம் தூக்கம். பகலில் தெருச் சத்தத்துக்கு நடுவே தூங்கி எழுகிறவருக்கு எல்லா வேலையுமே வெறுத்துப்போகும். உங்கள் துறையிலேயே வந்த பணத்தைக் கணக்கில் ஏற்றும் பேமெண்ட் போஸ்டிங், சிகிச்சைக் கட்டணத்தைப் பதியும் சார்ஜ் என்ட்ரி போன்றவை பெரும்பாலும் பகல் ஷிஃப்ட். 13 வருட அனுபவம் உள்ளவர் புதிதாகச் சேர்பவர்களுக்கு டிரெயினராகவும் கேட்கலாம். அங்கே எதிரே முகங்கள் இருக்கும். நைட் அலவன்ஸ் போகும்தான். போனாலும் கேட்டுப் பாருங்கள். ஒருவேளை அந்த மாற்றமே போதுமானதாக இருக்கலாம், அப்படி ஆனால் அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம்.

மனைவியிடம் மறைப்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வேலையை விடப் போகிறேன் என்று ஆரம்பித்தால் யாருக்கும் பயம் வரும். நீங்கள் அந்தப் பட்டியலை அப்படியே ஃபோனில் காட்டுங்கள். ‘ராத்திரி கேபில் இதைத்தான் எழுதிக்கொண்டு வருவேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு அவர் பேசட்டும், இடையில் சமாதானம் சொல்லாதீர்கள். 9 மாதம், ஆறு மாதச் செலவு, பாலிசி என்ற கணக்கெல்லாம் அடுத்த நாள் பேசலாம். வீட்டுச் செலவு உங்களைவிட அவருக்குத்தான் பைசா சுத்தமாகத் தெரியும் என்று நினைக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை மூன்றாவது மாடிக்குப் போங்கள். கிரைண்டரைப் பிரிப்பதற்கு முன்பே, ‘பார்க்கிறதுக்கு இவ்வளவு ஆகும் அக்கா, பெல்ட் போயிருந்தா அது தனி’ என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரியைச் சொல்வது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். சொன்னபோது எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.