பத்து ஸ்டார்ட்டுக்கு எத்தனை புராஸ்பெக்ட் கொடுக்கலாம்?

கேள்வி: டெட்ராய்ட் பக்கம் இருக்கிறேன். அலுவலக நண்பர்கள் 12 பேர் சேர்ந்து ஃபேன்டஸி பேஸ்பாலில் (நிஜ வீரர்களின் புள்ளிவிவரத்தை வைத்து ஆடும் ஆட்டம்) ஒரு டைனஸ்டி லீக் நடத்துகிறோம், அதாவது வீரர்களை ஆண்டு தாண்டியும் வைத்துக்கொள்ளலாம். ரோட்டிஸரி முறை: ஒவ்வொரு புள்ளிவிவரப் பிரிவிலும் பிடிக்கும் இடத்துக்கு ஏற்பப் புள்ளி. வீரர்களுக்கு எங்கள் லீகிலேயே ஒப்பந்த ஆண்டும் உண்டு. இப்போது நான் இரண்டாம் இடம், முதலிடத்துக்கு 4 புள்ளி குறைவு. கடைசி இடத்தில் இருப்பவரிடம் நல்ல ஸ்டார்ட்டிங் பிட்ச்சர் (ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து வீசுபவர்) ஒருவர் இருக்கிறார். வயது 33, ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. பதிலுக்கு என்னுடைய 19 வயது ஷார்ட்ஸ்டாப், டபுள்-ஏயில் (மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே) ஆடும் 20 வயது பிட்ச்சர் இரண்டு பேரையும் கேட்கிறார். அந்த 33 வயது பிட்ச்சருக்கு ஜூலையில் தோள் இறுக்கம் என்று ஒரு ஸ்டார்ட் தவறியது, இப்போது சரியாகிவிட்டதாம். நடுவில் பேசுவது லீகில் இருக்கும் இன்னொரு நண்பர். "வேறு இரண்டு பேர் கேட்கிறார்கள், இன்று ராத்திரிக்குள் சொல்" என்கிறார். மற்றவர்களோ, டைகர்ஸ் இளம் ஸ்மோல்ட்ஸைக் கொடுத்து இழந்த கதையைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இன்று ராத்திரி எந்தப் பதிலும் அனுப்பாதீர்கள். மற்றதையெல்லாம் அதற்குப் பிறகு பேசுவோம்.

நடுவில் பேசுகிற அந்த நண்பரை முதலில் விலக்குங்கள். இருவருக்கும் நல்லது செய்கிறேன் என்று ஒருவர் உள்ளே வருகிற ஒவ்வொரு டிரேடிலும், அவருக்கு ஏதோ ஒன்று பின்னால் பேசி வைக்கப்பட்டிருக்கும். உங்கள் ஷார்ட்ஸ்டாப் கடைசி இடத்துக்காரரிடம் போய், அடுத்த மாதமே அங்கிருந்து இவர் கைக்கு வரலாம். அல்லது இவர் மூன்றாம், நான்காம் இடத்தில் இருந்துகொண்டு, நீங்கள் கையிருப்பைக் காலி செய்தால் போதும் என்று காத்திருக்கலாம். நேராகக் கேளுங்கள்: "இதில் உனக்கு என்ன?" பதில் இழுத்தால் விஷயம் புரிந்துவிடும். மேஜர் லீகில் ஜெனரல் மேனேஜர்கள் ஒருவரை ஒருவர் நேரடியாகத்தான் அழைக்கிறார்கள். உங்களுக்கு அதே கட்டடத்தில் வேலை செய்கிறவரிடம் பேச ஆள் எதற்கு?

"வேறு இரண்டு பேர்" யார் என்பதை நீங்களே பார்த்துவிடலாம். 12 அணிகள் உள்ள லீகில் ஆகஸ்ட் நெருங்கும்போது வெல்லும் வாய்ப்புள்ளவர்கள் மூன்று, நான்கு பேர்தான். அவர்களிடம் என்ன புராஸ்பெக்ட் (இன்னும் மேலே வராத இளம் நம்பிக்கை வீரர்) இருக்கிறது என்பது லீக் பக்கத்திலேயே தெரியும். உங்களைவிட நல்லதாகக் கொடுக்க யாரிடமும் ஒன்றும் இல்லை என்றால் அவசரம் முழுக்க விற்கிறவருடையது.

சரி, இப்போது தோள். உங்கள் கேள்வியில் நான் நின்று போன இடம் இது. நீங்கள் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள்.

2022 டெட்லைனில் (அணிகள் வீரர்களை டிரேட் செய்யக் கடைசி நாள்) மின்னசோட்டா ட்வின்ஸ், சின்சினாட்டியிடமிருந்து டைலர் மாலியை வாங்கியது. கொடுத்தது ஸ்பென்சர் ஸ்டீர், கிறிஸ்டியன் என்கார்னாசியோன்-ஸ்ட்ராண்ட், ஸ்டீவ் ஹஜ்ஜார். அதே நேரத்தில் யாங்கீஸ், ஓக்லண்டிடமிருந்து ஃபிராங்கி மோன்டாஸை வாங்கியது. நான்கு இளைஞர்கள் போனார்கள். இருவருக்கும் ஒரு ஒற்றுமை: அந்த ஜூலையில்தான் இருவருக்கும் தோளில் பிரச்சினை வந்து, பிறகு "சரியாகிவிட்டது". மாலி அந்த சீசனில் ட்வின்ஸுக்கு வீசியது 4 ஸ்டார்ட். அடுத்த ஆண்டு 5 ஸ்டார்ட்டோடு முழங்கை அறுவை சிகிச்சை. மோன்டாஸ் 8 ஸ்டார்ட் வீசினார், இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுக்கும் ரன், குறைந்தால் நல்லது) 6.35. அடுத்த பிப்ரவரியில் தோள் அறுவை சிகிச்சை. ஸ்டீர் மட்டும் 2023இல் சின்சினாட்டிக்காக 23 ஹோம் ரன் அடித்தார். இந்த இரண்டு அணிகளிடமும் மருத்துவர்கள் இருந்தார்கள், ஸ்கேன் அறிக்கை இருந்தது, அப்படியும் இதுதான் நடந்தது. உங்களிடம் இருப்பது "சரியாகிவிட்டதாம்" என்கிற ஒரு சொல்.

அறிக்கை இருந்தாலும் நம்ப முடியாத காலமும் இருந்திருக்கிறது. 2016 ஜூலையில் பாஸ்டன் ரெட் சாக்ஸ், சான் டியேகோ பாட்ரேஸிடமிருந்து ட்ரூ பொமராஸை வாங்கியது. மருத்துவத் தகவலை முழுமையாகக் கொடுக்கவில்லை என்று பாட்ரேஸ் ஜெனரல் மேனேஜர் ஏ.ஜே. பிரெல்லரை மேஜர் லீக் நிர்வாகம் 30 நாள் சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்தது. அந்த ஜூலைக் கடைசியில் அதே பாட்ரேஸ், கோலின் ரேயாவை மயாமிக்கு அனுப்பியது. மயாமிக்காக வீசிய முதல் ஆட்டத்திலேயே நான்காவது இன்னிங்ஸில் முழங்கை வலியோடு வெளியேறினார். மயாமி அவரைத் திருப்பி அனுப்பி, தான் கொடுத்திருந்த ஒரு மைனர் லீக் பையனை மீட்டுக்கொண்டது. அந்தப் பையன் லூயிஸ் காஸ்டியோ. ஆறு வருடம் கழித்து இதே டெட்லைன் சந்தையில் சியாட்டில் பெரிய விலை கொடுத்து வாங்கிய அதே காஸ்டியோதான்.

அணிகள் காயத்தைப் பற்றிப் பேசுகிற பாஷையே எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. "சின்ன இறுக்கம்", "முன்னெச்சரிக்கை", "நாளுக்கு நாள் பார்க்கிறோம்". இரண்டு வாரம் கழித்து அதே வாயால் "60 நாள் காயப் பட்டியல்" என்பார்கள். ரசிகனிடம் உண்மையைச் சொல்லக் கட்டாயப்படுத்தும் விதி இன்றுவரை உருப்படியாக இல்லை. அதனால் பழைய கார் வாங்குகிறவன் போனட்டைத் திறந்து பார்க்கிற மாதிரி, நீங்களே திறந்து பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. மேஜர் லீகின் பேஸ்பால் சாவன்ட் தளம் இலவசம். அதில் இந்தப் பிட்ச்சரின் ஃபாஸ்ட்பால் சராசரி வேகத்தை மே மாதத்துக்கும், ஓய்வுக்குப் பிந்தைய மூன்று ஸ்டார்ட்டுக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒன்றரை மைல் குறைந்திருந்தால் இவரை விட்டுவிடுங்கள். வேகம் அப்படியே இருந்து, ஒரு ஆட்டத்துக்கு 90க்கு மேல் பந்து வீசுகிறார், ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருகிறார் என்றால் மேலே பேசலாம். ஓய்வுக்குப் பிறகு மூன்று ஸ்டார்ட் இன்னும் ஆகவில்லையா? அப்படியானால் பேச்சே வேண்டாம்.

அடுத்து, இவர் வந்தால் உங்களுக்கு உண்மையில் எத்தனை புள்ளி கிடைக்கும்? டெட்லைனுக்குப் பிறகு ஒரு பிட்ச்சருக்குக் கிடைப்பது ஏறக்குறைய பத்து ஸ்டார்ட், அறுபது இன்னிங்ஸ். உங்கள் அணி சீசன் முடிவில் 1,300 இன்னிங்ஸ் வீசும் என்று வைத்துக்கொள்வோம். அந்த அறுபதை 4.20 இ.ஆர்.ஏ. உள்ள ஒருவர் வீசினால் 28 ரன் போகும். 2.50 உள்ளவர் வீசினால் 17 ரன். 11 ரன் மிச்சம். மொத்த இ.ஆர்.ஏ.யில் அது 0.08 குறைவு, அதாவது 3.90 என்பது 3.82 ஆகும். அவ்வளவுதான்! உங்கள் பட்டியலைத் திறந்து, இ.ஆர்.ஏ.யில் உங்களுக்கு மேலே 0.08க்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஸ்ட்ரைக்அவுட்டிலும் வெற்றியிலும் அதேபோல எண்ணுங்கள். மூன்றிலும் சேர்ந்து நான்கு புள்ளி வரவில்லை என்றால் இந்த டிரேட் உங்களை முதலிடத்துக்குக் கொண்டுபோகாது. டிரேட் மதிப்பைக் கணக்குப் போட்டுத் தருகிறோம் என்கிற கட்டணக் கால்குலேட்டர்கள் இந்தக் கணக்கைச் செய்வதில்லை. அவற்றுக்கு உங்கள் லீகில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே தெரியாது. வீரனுக்கு ஒரு எண் கொடுத்து, இந்தப் பக்கம் 62, அந்தப் பக்கம் 58 என்று கூட்டிக் காட்டும். அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஸ்மோல்ட்ஸ் கதையைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களுக்கும் ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். 1987 ஆகஸ்ட் 12 அன்று டெட்ராய்ட் டைகர்ஸ், அட்லாண்டாவிடமிருந்து 36 வயது டாயில் அலெக்சாண்டரை வாங்கி, 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸைக் கொடுத்தது. ஸ்மோல்ட்ஸ் பின்னால் 213 வெற்றி, 154 சேவ் (கடைசியில் வந்து வெற்றியைக் காத்துக் கொடுத்தது) எடுத்து ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். உங்கள் ஊரில் இதை இன்னும் ஆற்றாமையோடு சொல்வார்கள், புரிகிறது. ஆனால் அன்று டபுள்-ஏயில் அவர் 4 வெற்றி, 10 தோல்வி. அலெக்சாண்டரோ டைகர்ஸுக்காக 11 ஸ்டார்ட்டில் 9-0 (வெற்றி-தோல்வி), இ.ஆர்.ஏ. 1.53. அந்த ஆண்டு டைகர்ஸ் டொராண்டோவை முந்தியது வெறும் இரண்டே ஆட்டத்தில். அலெக்சாண்டர் இல்லாவிட்டால் அந்த டிவிஷன் பட்டம் இல்லை. பிளேஆஃபில் அவர் வீசிய இரண்டு ஆட்டமும் தோல்வி, அதனால்தான் கதை கசப்பாக முடிகிறது.

இதில் உங்களுக்குப் பயன்படுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் லீகில் அக்டோபர் பிளேஆஃபே கிடையாது. 1998இல் ஹூஸ்டனுக்கு வந்த ராண்டி ஜான்சன் 11 ஸ்டார்ட்டில் 10-1, இ.ஆர்.ஏ. 1.28, பிளேஆஃபில் இரண்டு தோல்வி. 2008இல் மில்வாக்கிக்கு வந்த சி.சி. சபாத்தியா 11-2, இ.ஆர்.ஏ. 1.65, பிளேஆஃபில் முதல் சுற்றோடு வெளியே. இவற்றையெல்லாம் வீண் என்கிறவர்கள் அக்டோபரை வைத்துச் சொல்கிறார்கள். உங்களுக்குச் செப்டம்பரோடு கணக்கு முடிந்துவிடும். ஆகவே, ஆரோக்கியமான கைக்கு விலை கொடுப்பது தப்பே இல்லை.

எந்த விலை என்பதுதான் மிச்சம். ஷார்ட்ஸ்டாப்பைக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தம் முடியப்போகிற பிட்ச்சருக்கு 19 வயது ஷார்ட்ஸ்டாப் என்பது எந்தச் சூழலிலும் கூடாது. 20 வயது பிட்ச்சரைத் தாராளமாகக் கொடுங்கள்.

"இளைஞர்களைக் காப்பாற்று" என்கிற பொது அறிவுரைக்கு இது விதிவிலக்கு, அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பிட்ச்சர் புராஸ்பெக்ட் என்பவர் மேலே வருவதற்குள் வேகம் ஏற வேண்டும், கட்டுப்பாடு வர வேண்டும், மூன்றாவதாக ஒரு பந்து கற்க வேண்டும், இவ்வளவும் நடக்கிற காலத்தில் முழங்கை தாங்க வேண்டும். பொமராஸுக்காக பாஸ்டன் கொடுத்த ஆண்டர்சன் எஸ்பினோசா அப்போது நாட்டிலேயே பெரிதாகப் பேசப்பட்ட 18 வயதுப் பையன். இரண்டு முறை முழங்கை அறுவை சிகிச்சை. பாட்ரேஸுக்காக மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. 2022இல்தான், அதுவும் கப்ஸ் அணிக்காக, முதல் ஆட்டம் ஆடினார். காயத் தகவல் சர்ச்சையில் தொடங்கிய பொமராஸோ 2017இல் 17 வெற்றி எடுத்தார். உங்கள் டைகர்ஸ் கதையையே பாருங்கள். 2017இல் நட்சத்திரப் பிட்ச்சர் வெர்லாண்டரைக் கொடுத்து வாங்கிய மூவரில் முதன்மையானவர் ஃபிராங்க்ளின் பெரெஸ் என்கிற பிட்ச்சர். டைகர்ஸுக்காக மேஜர் லீகில் ஆடவே இல்லை. பயன்பட்டவர் அந்த டிரேடில் மூன்றாவதாகச் சொல்லப்பட்ட கேட்ச்சர் ஜேக் ராஜர்ஸ். ஆமாம், ஸ்மோல்ட்ஸ் உண்டு, 2018இல் ஆர்ச்சருக்காக பிட்ஸ்பர்க் கொடுத்து, பிறகு ஜொலித்த கிளாஸ்னவும் உண்டு. ஆனால் டபுள்-ஏயில் இருக்கும் 20 வயது பிட்ச்சரின் மதிப்பு இன்று உச்சத்தில் இருக்கிறது. முழங்கையில் ஒரு இழுப்பு வந்தால் நாளைக்கு யாரும் தொட மாட்டார்கள். இப்போதே கொடுத்துவிடுங்கள்.

புராஸ்பெக்ட் தரவரிசைகளையும் இந்த நேரத்தில் அளவாகப் படியுங்கள். சீசன் நடுவே புதுப்பிக்கப்படும் பட்டியலில் ஒருவன் முப்பது இடம் ஏறினான் என்று உங்களுக்கு யாராவது அனுப்பினால், அனுப்பியவர் அவனை விற்கப்போகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

நேரத்தைப் பற்றி. மேஜர் லீகின் சொந்த டெட்லைன் முடியும்வரை பொறுக்க உங்கள் லீக் விதி இடம் கொடுத்தால் பொறுங்கள். அந்தப் பிட்ச்சர் வேறு அணிக்குப் போனால் எல்லாம் மாறும். பந்து தூரம் பறக்கும் கொலராடோவுக்குப் போனால் இ.ஆர்.ஏ. கெடும், வலுவான அணிக்குப் போனால் வெற்றி கூடும். டெட்லைனுக்குப் பிறகும் செய்ய முடிந்த ஆகஸ்ட் மாத வெய்வர் டிரேடை 2019இலிருந்து எடுத்துவிட்டார்கள். வெர்லாண்டர் 2017 ஆகஸ்ட் 31 நள்ளிரவுக்குச் சற்று முன் ஹூஸ்டன் போனாரே, அது இன்றைக்கு நடக்காது. எல்லாவற்றையும் ஒரே மாலைக்குள் தள்ளிவிட்டார்கள். கடைசி இரண்டு மணி நேரத்தில் முப்பது அணிகளும் ஒன்றையொன்று நெருக்குகின்றன, ரசிகனுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. அந்தக் கூச்சலில்தான் பிரபல செய்தியாளர் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி வைத்திருக்கும் போலிக் கணக்குகள் பிழைக்கின்றன. டிரேட் செய்தியைப் பார்த்தால் அணியின் அதிகாரப்பூர்வ அறிவிப்பு வரும்வரை எதையும் அழுத்தாதீர்கள்.

உங்கள் லீகில் டிரேடை ஓட்டெடுப்பில் ரத்து செய்யும் வழக்கம் உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். பொறாமைக்கு வாக்குரிமை கொடுக்கும் விதி அது. இருந்தால், கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். கடைசி மணி நேரத்தில் ரத்தானால் வேறு வழி தேட நேரம் இருக்காது.

வேகக் கணக்கு சரியாக வந்தால், பிட்ச்சர் வைத்திருப்பவருக்கே நேராக எழுதுங்கள்: 20 வயது பிட்ச்சரும், அடுத்த ஆண்டு புது வீரர் டிராஃப்டில் உங்கள் இரண்டாம் சுற்றுத் தேர்வும். ஷார்ட்ஸ்டாப் பேச்சில் இல்லை என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அவர் மறுத்தால், யாரிடமும் இல்லாத பிட்ச்சர்களில் வாரத்துக்கு இரண்டு ஸ்டார்ட் வருகிறவர்களை ஆகஸ்ட் முழுக்க மாற்றி மாற்றி எடுங்கள். பலவீனமான அணிகளுக்கு எதிரே வீசுகிறவர்களை மட்டும் எடுத்தால் ஸ்ட்ரைக்அவுட்டிலும் வெற்றியிலும் அந்த 33 வயதுக்காரர் தருவதில் பெரும்பகுதி புராஸ்பெக்ட் யாரையும் இழக்காமலே கிடைத்துவிடும். இ.ஆர்.ஏ. கொஞ்சம் அடிவாங்கும். அதனால்தான் முதலில் அந்த 0.08 கணக்கைப் போட்டுவிடச் சொன்னேன்.