ஸ்மாஷ் அல்டிமேட்: ஸ்டேஜுக்குத் திரும்பி வர்றது பற்றி கேள்வி பதில்

சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்ல வெளியே தூக்கி எறியப்பட்டா உயிரோட எப்படித் திரும்பறது, இன்னைக்கு அது மட்டும்தான். காம்போ, டியர் லிஸ்ட் எல்லாம் வேற நாள்.

புது_ஆள்_07: அடி வாங்கினதும் ஜம்ப், உடனே அப் பி (ஸ்டிக்கை மேலே பிடிச்சு பி பட்டன், மேலே தூக்கற ஸ்பெஷல்). பாதி தடவை எட்டல. மீதி தடவை ஓரத்துல நிக்கிறவன் அடிச்சு அனுப்பிடறான். எங்க தப்பு?

பதில்: வரிசையில தப்பு. உங்க உயிர் ரெண்டாவது ஜம்ப்ல (காத்துல போடற ஜம்ப்) இருக்கு, அப் பியில இல்ல. அப் பி போட்டு முடிச்ச பிறகு நடுக்காத்துல அடி வாங்கினா அப் பி திரும்பக் கிடைக்கும், ஏர் டாட்ஜும் (காத்துல அடிக்கு ஒதுங்கறது) கிடைக்கும். ரெண்டாவது ஜம்ப் மட்டும் தரையையோ லெட்ஜையோ (ஸ்டேஜோட விளிம்பு) தொடற வரைக்கும் வராது. மாசக் கடைசிக் காசு மாதிரி அதை எண்ணிச் செலவு பண்ணுங்க.

பறந்துட்டு இருக்கும்போதே ஜம்ப் பட்டனைத் தட்டிட்டே இருக்கீங்கன்னு நினைக்கிறேன். 9 ஃபிரேம் (நொடிக்கு 60 ஃபிரேம்) முன்னாடி அழுத்தினதைக்கூட இந்த கேம் பிடிச்சு வச்சுக்கும், விடாம அழுத்தினா அதுக்கு மேலயும். அதனால கட்டுப்பாடு கைக்கு வந்த முதல் நொடியிலேயே ஜம்ப் போயிடுது. பறக்கும்போது விரல் பட்டன்ல இருக்க வேண்டாம். ஸ்டிக்கை மட்டும் ஸ்டேஜ் பக்கம் பிடிச்சு மிதந்து வாங்க.

அப்புறம் உயரம். லெட்ஜ் மட்டத்துலேயே நேரா வர்றதுதான் இருக்கறதுலேயே மோசமான வழி. எதிராளி ஸ்டேஜை விட்டு ஒரு அடி கூட நகராம அங்கேயே நின்னு உங்களை அடிக்கலாம். கீழே இறங்கி வந்தா அவன் ரிஸ்க் எடுத்து வெளியே குதிக்கணும். மேலே வந்தா லெட்ஜ் தகராறு இல்ல, ஆனா இறங்கற வரைக்கும் கீழேருந்து அடி விழும். ஜம்ப் மிச்சம் இருந்தாத்தான் இந்த ரெண்டுல ஒன்னைத் தேர்ந்தெடுக்கவே முடியும்.

லூசினாவை எடுத்துக்குங்க. அவ அப் பி கிட்டத்தட்ட செங்குத்தா மேலே போகும், பக்கவாட்டுல ஒன்னும் தராது. அதனால முதல்ல மிதந்து, தேவைன்னா ஜம்ப் போட்டு, லெட்ஜுக்கு நேர் கீழே வரணும். அங்கேருந்து அப் பி போடும்போது அதோட உச்சி லெட்ஜ் உயரத்துல முடியணும். ரொம்பக் கிட்ட வந்து போட்டா தலை ஸ்டேஜுக்கு மேலே எட்டிப் பார்க்கும், ஸ்மாஷ் அடி அங்கதான் விழும். ரொம்பக் கீழே போட்டா எட்டாது. சரியா பிடிச்சாலும் பிடிக்கிற அந்தக் கணத்துல 2 ஃபிரேம் அளவுக்கு அடி படலாம். அதனால ஒவ்வொரு தடவையும் ஒரே நேரக் கணக்குல வராதீங்க. ஒரு தடவை சீக்கிரம், அடுத்த தடவை கொஞ்சம் விழவிட்டு.

இன்னொன்னு, ஸ்டிக்கைக் கீழே அழுத்தியிருந்தா லெட்ஜைப் பிடிக்காது. வேகமா இறங்கணும்னு கீழே பிடிச்சு, அப்படியே லெட்ஜைத் தாண்டி விழுந்து செத்தவங்க நிறைய.

கடைசி_ஸ்டாக்: அப் பி போடறப்போ ஜம்ப் தானா போகுதே?

பதில்: கன்ட்ரோல் செட்டிங்ல டாப் ஜம்பை (ஸ்டிக்கை மேலே தட்டினா ஜம்ப் ஆகறது) ஆஃப் பண்ணுங்க.

மதுரை_மார்த்: ஏர் டாட்ஜ் பண்ணி லெட்ஜைப் பிடிக்கிறது நல்ல பழக்கமா?

பதில்: கிட்ட இருந்தா நல்லது. திசை கொடுத்துப் பண்ற ஏர் டாட்ஜ் லெட்ஜைப் பிடிக்கும், எதிராளி எதிர்பார்க்காத கோணத்துலயும் வரலாம். ஆனா லெட்ஜ் கைக்கு எட்டலைன்னா அதுக்கப்புறம் ரொம்ப நேரம் ஒன்னும் பண்ண முடியாம விழுவீங்க. அப்பவே அப் பிக்கான உயரம் போயிருக்கும். தரையோ லெட்ஜோ தொடாம, அடியும் வாங்காம ரெண்டாவது ஏர் டாட்ஜும் கிடையாது. தூரத்துல பயத்துல தட்டறதுதான் பிரச்சனை. தூரத்துல இருந்தா மிதங்க, ஜம்பைப் பத்திரமா வையுங்க.

நெஸ்_பிரியன்: நெஸ்ஸோட திரும்பவே விட மாட்டேங்கறாங்க, அண்ணா. இடியைக் குறுக்கே வந்து வாங்கிக்கறாங்க.

பதில்: அவங்க சரியாத்தான் பண்றாங்க. நெஸ்ஸோட அப் பி ஒரு இடி, அதைத் திருப்பித் தன் மேலேயே வாங்கித்தான் பறப்பான். அது எதிராளி உடம்புல பட்டா அங்கேயே காணாமப் போகும், நெஸ் கையாலாகாம விழுவான். லூகாஸோட இடி ஆளைத் துளைச்சுட்டுப் போகும், அவனுக்கு இந்தக் கவலை குறைவு. நெஸ்ஸுக்கு வழி ஒன்னுதான்: இடியைப் பெரிய வட்டமா சுத்த விடாதீங்க. உடம்பை ஒட்டிச் சின்ன வளைவா திருப்பி, ஸ்டேஜுக்கு எதிர்ப்பக்கத்துலேருந்து முதுகுல வாங்குங்க. வட்டம் பெருசானா குறுக்கே வர அவனுக்கு நேரம் கிடைக்கும். ஜம்ப் இருந்தா அதை முதல்ல போட்டு, அவன் எட்டாத உயரத்துலயோ தூரத்துலயோ ஆரம்பிங்க. ஜம்ப் ஏற்கெனவே செலவாயிருந்தா, மேலே முதல் பதிலைப் பாருங்க.

ரோபோ_ரசிகன்: ராப் எவ்வளவு நேரம் பறக்கும்?

பதில்: எரிபொருள் தீர்ற வரைக்கும். தரையில நின்னாத்தான் திரும்ப நிரம்பும். லெட்ஜைப் பிடிச்சு, குதிச்சு, திரும்பப் பறந்து, இப்படியே ஓட்டினா மூணாவது தடவை காலி டேங்க்தான்.

குட்டி_மேக்: லிட்டில் மேக்குக்கு ஏதாவது டிப்ஸ்?

பதில்: ஸ்டேஜை விட்டுப் போகாதீங்க.

மீலீ_தாத்தா: இதெல்லாம் ரெக்கவரியா தம்பி? 2001-ல வந்த பழைய ஸ்மாஷ் மீலீல ஒருத்தன் லெட்ஜைப் பிடிச்சுட்டா அடுத்தவனுக்கு லெட்ஜே கிடையாது. அல்டிமேட்ல யார் வேணா வந்து ஆளைத் தள்ளிட்டுப் பிடிச்சுக்கலாம். இது குழந்தைங்களுக்கு வச்சது.

பதில்: மீலீல லெட்ஜை அடைச்சுப் பிடிக்கிறது அழகுதான், மறுக்கல. ஃபாக்ஸ் அப் பி போட்டுப் பாய 40 ஃபிரேமுக்கு மேல ஆகும். அதுக்குள்ள எதிராளி லெட்ஜை அடைச்சுடுவான். அப்போ ஃபாக்ஸ் கோணத்தை மாத்தி ஸ்டேஜ் மேலேயே இறங்கணும். அந்த ஊகப் போட்டி அல்டிமேட்ல இல்ல.

ஆனா அந்த விதி கடைசியில எங்க கொண்டு போய் விட்டுச்சு? 2008-ல அடுத்த ஸ்மாஷ் பிரால் வந்தப்போ லெட்ஜைப் பிடிக்கிற தூரமும் கூடிச்சு, ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் அடி படாத நேரமும் திரும்பத் திரும்பக் கிடைச்சுது. மெட்டா நைட் லெட்ஜுலேயே தொங்கித் தொங்கி நேரத்தை ஓட்டினான். போட்டி நடத்தறவங்களே லெட்ஜை இத்தனை தடவைக்கு மேல பிடிக்கக் கூடாதுன்னு விதி போட வேண்டி வந்துது. 2014-ல வந்த நாலாவது ஸ்மாஷ்லதான் தள்ளிவிட்டுப் பிடிக்கிற முறை வந்துது, திரும்பப் பிடிச்சா கிடைக்கிற பாதுகாப்பும் எடுக்கப்பட்டுது. அல்டிமேட்ல தரை தொடாம, அடி வாங்காம 6 தடவைதான் பிடிக்கலாம், அதுக்கு மேல கை பிடிக்காது. எனக்கு இதுதான் நியாயமான விதி.

மீலீ_தாத்தா: தள்ளிவிட்டு என்ன பிரயோஜனம்? தள்ளப்பட்டவன் திரும்ப வந்துடறானே.

பதில்: திரும்ப வர முன்னாடி பேக் ஏர் (காத்துல பின்பக்கமா அடிக்கிறது) வாங்கினா வர மாட்டான். தள்ளப்பட்டவன் வெளிப்பக்கமா எகிறி கொஞ்ச நேரம் ஒன்னும் பண்ண முடியாம இருப்பான். அந்த இடைவெளிக்குத்தான் தள்ளறது.

கடைசி_ஸ்டாக்: தாத்தா சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நல்லா ஆடறவங்க லெட்ஜுல தங்கவே மாட்டாங்க, உடனே ஏறிடுவாங்க. தள்ளறவன் வந்து பார்த்தா காலி.

பதில்: அது நிஜம். தள்ளணும்னு எதிராளி ஓடி வர்றது தெரிஞ்சா சட்டுனு ஏறிடறதுதான் பதில். அவன் வெளியே இருக்கும்போது நீங்க ஸ்டேஜுல, நிலைமை தலைகீழ். அதனாலதான் இதுவும் ஊகப் போட்டிதான்னு சொல்றேன். மீலீ பேச்சு இதோட போதும், தாத்தா.

மதுரை_மார்த்: சரி, லெட்ஜைப் பிடிச்சாச்சு. அப்புறம்?

பதில்: அங்க அவசரப்படாதீங்க. பிடிச்சதும் கொஞ்ச நேரம் அடி படாது. காத்துல அதிக நேரம் இருந்திருந்தா அது கூடும், உங்க சதவீதம் (வாங்கின அடிக் கணக்கு) ஏற ஏறக் குறையும். அந்த நேரத்துல எதிராளி எங்க நிக்கிறான்னு பாருங்க. லெட்ஜை ஒட்டி நின்னா உருண்டு அவனுக்குப் பின்னால போங்க. தள்ளி நின்னு காத்திருந்தா சாதாரணமா ஏறுங்க. ஷீல்டு போடாம வந்துட்டே இருந்தா ஏறும்போது அடிக்கிறது. லெட்ஜுலேருந்து குதிக்கிறதை எல்லாரும் எப்பவும் பண்றாங்க, அதனால எல்லாரும் அதுக்குத்தான் காத்திருப்பாங்க. லெட்ஜை விட்டுக் கீழே இறங்கி ரெண்டாவது ஜம்போட அடிச்சுட்டே ஏறறது நல்லா இருக்கும். ஆனா நடுவுல அடி வாங்கினா கையில ஜம்ப் இல்லாம வெளியே இருப்பீங்க. அதை மறக்காதீங்க.

பெயரிலி: எந்த கேரக்டருக்கு ரெக்கவரி பெஸ்ட்?

பதில்: நிறைய ஜம்ப் உள்ள கிர்பி, ஜிக்லிபஃப், பிட், மெட்டா நைட்.

சேலம்_சுழல்: ஸ்டேஜ் சுவர்ல மோதிச் சாகறேன். டெக் (மோதற நேரத்துல ஷீல்டு அழுத்திச் சமாளிக்கிறது) வரவே மாட்டேங்குது.

பதில்: ஷீல்டு பட்டனைத் தட்டித் தட்டி அடிக்கிறீங்களா? அதுதான் காரணம். மோதறதுக்கு முன்னாடி 11 ஃபிரேமுக்குள்ள அழுத்தணும். அதாவது நொடியில ஐந்துல ஒரு பங்கு கூட இல்ல. சீக்கிரம் அழுத்திட்டா அதுலேருந்து 40 ஃபிரேமுக்கு அடுத்த அழுத்தல் செல்லாது. அதனால ஒரே ஒரு அழுத்தல். சுவரை ஒட்டி அப் பி போட்டுப் போகும்போது எதிராளி கீழே வர்றான்னா, அடி விழற கணத்துலேயே அழுத்துங்க. தூரத்துலேருந்து பறந்து வந்து மோதறதைவிட இது சுலபம், நேரம் கணிக்க வேண்டியதில்ல. ரொம்ப வேகமா மோதற அடிக்கு டெக்கே கிடையாது, அதுக்குக் கவலைப்பட்டுப் பயனில்ல.

யோஷி_வீட்டுக்காரன்: யோஷிக்கு அப் பி ஏறவே மாட்டேங்குது?

பதில்: முட்டை எறியறது கொஞ்சம்தான் தூக்கும். அவனுக்கு ரெக்கவரியே ரெண்டாவது ஜம்ப்தான். அதுல கவசம் இருக்கு, லேசான அடியைத் தாங்கிட்டுப் போகும். அதைச் செலவு பண்ணிட்டீங்கன்னா யோஷி முடிஞ்சான். இன்னைக்கு எத்தனாவது தடவை இதைச் சொல்றேன்?

புதுசு_88: ரெக்கவரி பெஸ்ட் கேரக்டர் யாரு ப்ரோ?

பதில்: மேலே இருக்கு.

பிரால்ஹல்லா_பையன்: பிரால்ஹல்லாவுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பதில்: அது வேற கேம், அங்க லெட்ஜைப் பிடிச்சுத் தொங்கறதே இல்ல, சுவரைப் பிடிச்சு ஏறணும். நான் சொன்ன நேரக் கணக்கு எதையும் அங்க கொண்டு போகாதீங்க.

புது_ஆள்_07: பயிற்சி எப்படிப் பண்ணட்டும்?

பதில்: டிரெய்னிங் மோட்ல லெட்ஜுலேருந்து வெளிப்பக்கம் இறங்கி விழுங்க. ஜம்ப் போடாம, அப் பி மட்டும் போட்டு லெட்ஜைப் பிடிங்க, தலை மேலே தெரியாம. தொடர்ந்து பத்து தடவை வந்தா, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கீழே விழவிட்டுப் பண்ணுங்க. எவ்வளவு ஆழத்துலேருந்து உங்க கேரக்டர் எட்டும்னு கண்ணுக்குப் பழகணும். அது தெரிஞ்சவன்தான் ஜம்பைப் பயப்படாம வச்சிருப்பான். ஆன்லைன்ல ஆடினா பட்டன் தாமதமா பதியும், இதே அளவைக் கொஞ்சம் முன்னாடியே அழுத்திப் பழகணும்.

தமிழ்_கிர்பி: ரெக்கவரி பெஸ்ட்...

பதில்: உங்க பேர்லேயே இருக்கு.