ஆயுதம் ஏந்தாமல் படைக்கு உதவுவது: எல்லை எங்கே இருக்கிறது?

வாசகர் கேள்வி: போர் மூண்டால் நான் படையில் சேர இயலாது. ரத்த தானம் செய்வது, வீரர்களுக்கு உடையும் உணவும் திரட்டுவது, எதிரிப் படையின் நடமாட்டத்தைச் செல்பேசியில் படமெடுத்து அனுப்புவது ஆகிய மூன்றும் எனக்குத் தோன்றுகின்றன. இவற்றால் பொதுமகன் என்ற பாதுகாப்பை நான் இழப்பேனா?

பதில்: முதல் இரண்டைத் தயக்கமின்றிச் செய்யலாம். மூன்றாவதுதான் ஆபத்தானது.

போர்க்கால விதிகளை வகுக்கும் ஜெனீவா உடன்படிக்கைகளுடன் 1977இல் சேர்க்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறையின் 51ஆவது பிரிவு, பொதுமக்கள் சண்டையில் நேரடியாகப் பங்கேற்காத வரை அவர்களைத் தாக்கக் கூடாது என்கிறது. பங்கேற்கும் நேரத்தில் அந்தப் பாதுகாப்பு விலகிவிடுகிறது. எது நேரடிப் பங்கேற்பு என்பதைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழு 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல் விளக்குகிறது. ஒரு செயல் எதிர்த்தரப்புக்குக் கேடு விளைவிக்கக்கூடியதாகவும், அந்தக் கேட்டுக்கு நேரடிக் காரணமாகவும், ஒரு தரப்புக்கு ஆதரவாகச் செய்யப்படுவதாகவும் இருந்தால்தான் அது நேரடிப் பங்கேற்பு.

அதே வழிகாட்டுதல் தரும் லாரி ஓட்டுநர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். தொழிற்சாலையிலிருந்து துறைமுகத்துக்கு வெடிபொருள் ஏற்றிச் செல்பவர் சண்டையில் பங்கேற்பவர் அல்லர். அதையே போர்முனையில் சுட்டுக்கொண்டிருக்கும் பீரங்கி நிலைக்குக் கொண்டு சேர்ப்பவர் பங்கேற்பவர் ஆகிறார். ஆனால் லாரி இரு நிலையிலும் தாக்குதலுக்குரிய இலக்கே என்பதால், முதலாமவரும் பாதுகாப்பாக இருக்கிறார் என்று சொல்ல முடியாது. ஆயுதத் தொழிற்சாலை ஊழியர்களின் நிலையும் இதுவே.

இப்போது செல்பேசிக்கு வருவோம். எதிரியின் வண்டி நிற்கும் இடத்தைத் தாக்குதலுக்குப் பயன்படும் வகையில் உடனுக்குடன் படைக்குத் தெரிவிப்பவர், வீட்டு மாடியில் நின்றபடி செய்தாலும், குறி காட்டும் போர்வீரரின் வேலையையே செய்கிறார். அந்த நேரத்தில் அவரைத் தாக்குவதைச் சட்டம் தடுக்காது. பிடிபட்டால் போர்க்கைதிக்குரிய உரிமையை அவர் கோர இயலாது. பிடித்த நாடு தன் குற்றவியல் சட்டத்தின்படி வழக்குத் தொடரலாம். இதைச் செய்யக் கூடாது என்று நான் கட்டளையிடவில்லை. விளைவை அறியாமல், குறிப்பாகச் சிறுவர்களை, இதில் இறக்கிவிடாதீர்கள் என்றே மன்றாடுகிறேன்.

காயமடைந்தோருக்கு உதவுவது உங்களுக்கு இயலுமானால், அதற்கு உறுதியான பாதுகாப்பு உண்டு. காயமுற்றவர்களுக்குப் பணிவிடை செய்ததற்காக எவரையும் துன்புறுத்தவோ தண்டிக்கவோ கூடாது என்று 1949ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா உடன்படிக்கை, 18ஆவது பிரிவில் சொல்கிறது. காயமுற்றவர் எதிரி நாட்டு வீரராக இருந்தாலும் இது பொருந்தும். ஆனால் அனுமதியின்றிச் செஞ்சிலுவைச் சின்னத்தை உங்கள் வண்டியில் ஒட்டிக்கொள்ளாதீர்கள், அது சட்ட மீறல். மீட்புப் பணி, தீயணைப்பு, எச்சரிக்கை ஒலி, பதுங்கிட ஏற்பாடு ஆகியவற்றில் விருப்பமிருந்தால், ஆரஞ்சுப் பின்னணியில் நீல முக்கோணம் கொண்ட சின்னத்தின் கீழ் இயங்கும் குடிமைப் பாதுகாப்பு அமைப்பில் பெயர் பதிந்து, பயிற்சியைப் போருக்கு முன்பே முடித்துவிடுங்கள். பொருள் திரட்டுவதாக இருந்தால், எது தேவை என்று பெறும் படைப்பிரிவிடம் கேட்டறிந்த பிறகே தொடங்குங்கள். கேட்காமல் அனுப்பியவை கிடங்கையும் லாரியையும் அடைத்துக்கொண்டு, அவசரமாகச் செல்ல வேண்டிய மருந்தைத் தாமதிக்கச் செய்யும்.